முப்பத்தேழாவது அசைவு

மூங்கில் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், கோமளம் என்றொரு முயல் நான்கு குட்டிகளோடு குடியிருந்தது. வீரபாகு என்ற நரி துரத்தியதில் அதற்கு ஒரு காது பாதியாகிவிட்டது. மறுநாளே போய்க் குங்ஃபூ வகுப்பில் சேர்ந்துவிட்டது.

சொல்லித் தந்தது தவசீலன் என்னும் கொக்கு. சீனத்து ஏரிக்கரையில் இரண்டு குளிர்காலம் நின்றுவிட்டு வந்த கொக்கு. அறுபத்துநான்கு அசைவுகள் கொண்ட ஒரே ஒரு பயிற்சி வரிசையை அது மூன்று மாதம் செய்ய வைத்தது.

"மாஸ்டர், நரியை அடிக்க எப்போ சொல்லித் தருவீங்க?"

"முதல்ல வரிசை. அடி தானா வரும்."

அடி வரவில்லை. நரிதான் வந்தது.

ஒரு காலையில் வளை வாசலிலேயே வந்து நின்றது. உள்ளே குட்டிகள். ஓடினால் குட்டிகள் போச்சு. கோமளம் வாசலை மறித்து நின்றது. கற்றது எதுவும் நடுவிலிருந்து ஞாபகம் வரவில்லை. முதலிலிருந்து மட்டுமே வந்தது. எனவே கைகூப்பி வணங்கி, இடப்பக்கம் திரும்பி, காற்றை ஓங்கிக் குத்தியது.

நரி குழம்பிப்போனது. "ஏம்மா, நான் இந்தப் பக்கம்ல நிக்கிறேன்?"

"கொஞ்சம் இருங்கண்ணே. முப்பத்தேழாவது அசைவுலதான் உங்க பக்கம் திரும்புவேன்."

அது என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட்டுத் தின்னலாமே என்று நரி உட்கார்ந்தது. முப்பத்தோராவதில் கோமளத்துக்குக் கால் பின்னிக்கொண்டது.

"தப்பாயிடுச்சு. முதல்லேருந்து!"

மறுபடி வணக்கம், மறுபடி குத்து. மறுபடியும் முப்பத்தொன்றில் தடுமாற்றம். நாலாம் தடவை நரிக்குப் பொறுக்கவில்லை.

"இடது காலும்மா, இடது கால்!" என்று கத்திக்கொண்டே எழுந்து, பக்கத்தில் நின்று தானே செய்து காட்டியது. பிறகு இரண்டும் சேர்ந்தே செய்தன. முப்பத்தேழாவது அசைவும் வந்தது. இரண்டும் ஒரே பக்கம் திரும்பி, எதிரில் இருந்த புதரை ஆக்ரோஷமாகத் தாக்கின.

நரிக்கு மூச்சு வாங்கியது. கண் பளபளத்தது. "அடேயப்பா, உடம்பெல்லாம் என்னமோ பண்ணுதே! இதை யாரும்மா சொல்லித் தர்றாங்க?"

அன்றைக்கே நரியை வகுப்பில் சேர்த்துவிட்டுத்தான் கோமளம் வீடு திரும்பியது. தான் அந்தப் பக்கம் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீரபாகு ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. இப்போதெல்லாம் இரையைக் கண்டால் முதலில் கைகூப்பி வணங்குகிறது. பிறகு இடப்பக்கம் திரும்பிக் காற்றைக் குத்துகிறது. ஐந்தாவது அசைவுக்குள் இரை அடுத்த மலைக்குப் போயிருக்கும். நடுவில் நிறுத்த அதற்கு மனம் வருவதில்லை. தனியாக நின்று அறுபத்துநான்கையும் முடித்துவிட்டு, பசியோடு வகுப்புக்குப் போகிறது.

விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும் அந்த உடம்பைச் சுற்றிவந்து பார்த்து, கொக்கு பூரித்துப்போனது.

"பிரமாதம்! இப்பத்தான் உடம்பு லேசாகியிருக்கு. நாளைக்கு நூற்றெட்டு அசைவு வரிசையை ஆரம்பிச்சுடலாம்."

"ரொம்ப நன்றி மாஸ்டர்!" என்று நரி ஆனந்தக் கண்ணீர் விட்டது.

நீதி: எதிரியை வீழ்த்த நீங்கள் குங்ஃபூவில் தேற வேண்டியதில்லை, அவனை வகுப்பில் சேர்த்துவிட்டால் போதும்.