பொணமெடல் டாக்டர்

வாயில் வைத்த தெர்மாமீட்டரோடு ஜக்கம்மாள் எழுந்து ஓடினாள்.

டாக்டர் உதயகுமார் செய்த பாவம், கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னதுதான். வாசல் போர்டில் 'எம்.பி.பி.எஸ்., தங்கப் பதக்கம்' என்றிருந்தது. "எதுக்குத் தம்பி மெடலு குடுத்தாக?" என்று உட்காரும்போதே கேட்டிருந்தாள்.

"சட்ட மருத்துவத்துக்கும்மா. செத்தவுகள அறுத்துப் பாத்து, எப்படிச் செத்தாகன்னு கண்டுபிடிக்கிறது. அதுல மாநிலத்துலயே நான்தான் மொத ஆளு."

மல்லாங்கிணறு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் நிற்கவில்லை. தெர்மாமீட்டரைத் துப்பிய கையோடு சங்கதியைப் பரப்பினாள். பொழுது சாய்வதற்குள் ஊர் பேர் வைத்துவிட்டது: பொணமெடல் டாக்டர்.

அதற்கப்புறம் கிளினிக்குக்கு வந்தது ஈ மட்டும்தான்.

ஊர் போனால் போகட்டும், சுபத்ரா போய்விடக் கூடாதே! அவளைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து உதயகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா நவநீதகிருஷ்ணன் அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரி. "மெடல என்கிட்ட காட்டாதீக. கூட்டத்தக் காட்டுங்க. வெள்ளிக்கெழம வாரேன்" என்று சொல்லிவிட்டார்.

உதயகுமாரின் அப்பா காசிராஜனுக்கு வத்தல் மண்டி. யோசனைக்குப் பஞ்சமே இல்லாத மனிதர், அதுதான் வினை. முதலில் போர்டில் பதக்கத்தின் மேல் பெயிண்ட் அடித்தார்.

"மெடலப் பிடுங்கிட்டாகளாம்ல! என்ன தப்புப் பண்ணுனாரோ?" என்றது டீக்கடை.

அடுத்து, 'வைத்தியம் இலவசம்' என்று எழுதி வைத்தார்.

"ஓசியில பாக்காராம். நம்ம உசுர வச்சுப் படிக்கவா?" என்றது அதே டீக்கடை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. காசிராஜன் மண்டியில் லோடு இறக்குகிற ஆட்களைக் கூட்டிவந்து, ஆளுக்கொரு நோயைப் பங்கு வைத்தார்.

"நீ வயித்து வலி. நீ காது குத்தல். ஏலே இருளப்பசாமி, நீ ஆபத்தான கேஸு. படு, அசையக் கூடாது."

"அப்பா, இது பித்தலாட்டம்."

"ஒனக்குக் கல்யாணம் வேணுமா, வேண்டாமா?"

உதயகுமார் வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

முந்தின நாளெல்லாம் மூட்டை சுமந்த அலுப்பில் இருளப்பசாமி படுத்ததுமே சொக்கிப்போனான். ஈத் தொல்லை தாங்காமல் தூக்கத்திலேயே வெள்ளை விரிப்பைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டான். சம்பந்திக்கு வாங்கிய ரோஜா மாலையைத் தரையில் வைக்க மனசு வராமல், காசிராஜன் அதை அவன் நெஞ்சின் மேல் வைத்தார்.

நவநீதகிருஷ்ணன் உள்ளே நுழைந்தார். வெள்ளை விரிப்பு. மேலே மாலை. பக்கத்தில் உதயகுமார்.

"அய்யய்யோ, ஆரம்பிச்சிட்டாரா!" என்று அலறி அப்படியே சாய்ந்தார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பஸ் ஸ்டாண்டு சனமும் சேர்ந்து அலறியது. அந்தச் சத்தத்தில் இருளப்பசாமி மாலையோடு எழுந்து உட்கார்ந்தான்.

"மொதலாளி, லோடு வந்துருச்சா?"

அலறல் நின்றது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உதயகுமார் நவநீதகிருஷ்ணனின் காலைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்தான். அவர் கண் திறந்தார்.

"நான் இருக்கேனா?"

"இருக்கீக மாமா."

"அப்ப அறுத்துறாதீக!"

அவரை அம்பாசிடரில் ஏற்றி அனுப்பினார்கள். சுபத்ரா போயே போய்விட்டாள் என்று உதயகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசை! பாலவனத்தம், வீரசோழன் என்று சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து பஸ்ஸு பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சேதி அருப்புக்கோட்டைக்கும் எட்டி, நவநீதகிருஷ்ணனே நேரில் வந்து வாய் பிளந்து நின்றார்.

"தையிலயே முகூர்த்தம் வச்சிக்கிடுவோம் மாப்ள!"

உதயகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. காசிராஜன் ஸ்டூலில் ஏறிப் போர்டில் அடித்த பெயிண்டைச் சுரண்டினார். "படிப்புன்னா படிப்புத்தான்யா! சனத்துக்கு இப்பத்தான் மெடலோட அரும தெரிஞ்சிருக்கு."

முதல் ஆளை உள்ளே விட்டார்கள். நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து இறக்கினார்கள். அதில் ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

"ஐயாவுக்கு என்ன செய்யுது?" உதயகுமார் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டான்.

தலைமாட்டில் நின்றவர் பயபக்தியோடு கும்பிட்டார்.

"நேத்து சாயந்தரம் செத்துப்போனாக சாமி. கொஞ்ச நேரம் எந்திரிக்க மட்டும் வையிங்க, பத்திரத்துல ஒரு கைநாட்டு வச்சிட்டுத் திரும்பப் படுத்துக்கிடுவாக."