தெளிஞ்சுட்டு வா

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க. சத்தமாச் சொன்னா ஆபீசுக்குக் கேட்டுடும். கேட்டா நமக்கும் ஒரு சன்னல் திறந்துடுவாங்க.

ரங்கூனுக்கு எதிர்க்கரை டாலா படகுத்துறையில வடை சுட்டு விக்கிறாளே ரத்தினம்மாள், அவ தம்பி கணேஷ்குமார் சைக்கா, அதான் சைக்கிள் ரிக்‌ஷா, மிதிக்கிறவன். சைக்காவுல ரெண்டு பேர் ஏறினா முதுகோட முதுகு ஒட்டித்தான் உக்காரணும். ஒருத்தர் போற வழியைப் பாப்பாரு, இன்னொருத்தர் வந்த வழியைப் பாப்பாரு.

நல்ல பிள்ளைதான். ஆனா அவன் காதுக்குள்ள ஒரு குரல் கேக்கும். யாரும் பேசாதப்பவும் ஏசும். குடிச்சா கொஞ்ச நேரம் அடங்கும். குடி தெளிஞ்சா ரெண்டு பங்கா ஏசும். அதுக்குப் பயந்து மறுபடி குடிப்பான். ஒரு நாள் அந்தக் குரல் "குதி"ன்னு சொல்ல, ஓடுற படகுலேருந்து ஆத்துல குதிச்சுட்டான். பக்கத்துல சம்பான் தோணியில போனவங்க முடியைப் பிடிச்சுத் தூக்குனாங்க. அடுத்த தடவை பக்கத்துல சம்பான் இருக்கணுமே! ரத்தினம்மாள் அடுப்பை அணைச்சா, தம்பியைக் கூட்டிக்கிட்டு ரங்கூன் சுகாதார ஆபீசுக்குப் போனா.

மக்கள் நலனை முன்னிட்டு அங்கே ஒரே சுவத்துல ரெண்டு சன்னல் வச்சிருந்தாங்க. ஒண்ணு மனசுக்கு, ஒண்ணு போதைக்கு. மனசு சன்னல்ல ஊ சோ லின்னு ஒரு அதிகாரி. அங்கே ஐயாவைச் சயாம்பாங்க, அம்மாவைச் சயாமாம்பாங்க. மோந்து பாத்தாரு.

"குடிச்சிருக்கானா?"

"குடிக்கிறான் சயா. காதுல குரல் கேக்குது, அதான்..."

"குடி எங்க துறை இல்லை. தெளிஞ்சுட்டு வரச் சொல்லு."

போதை சன்னல்ல இருந்த அம்மா டோ கின் வே.

"குடியை விட வைக்கலாம். வேற ஏதாவது உண்டா?"

"காதுல குரல் கேக்குது சயாமா."

"அடடா! புத்தி எங்க துறை இல்லை. தெளிஞ்சுட்டு வரச் சொல்லு."

ரெண்டு பேரும் சொன்னது ஒரே சொல்லுதான். இவருக்குக் குடி தெளியணும், அவங்களுக்குப் புத்தி தெளியணும்.

"அப்ப தலையை அந்தச் சன்னல்லயும், வயித்தை இந்தச் சன்னல்லயும் குடுத்துட்டுப் போகவா?"

"முறைப்படி அதுதான் சரி"ன்னாங்க சயாமா. "ஆனா அதுக்கு இன்னும் வசதி செய்யலை."

அந்தச் சமயம் பாத்து ஊருக்குள்ள ஒரு புது மோஸ்தர் வந்துச்சு. அதுக்குப் பேரு ஒருங்கிணைப்பு. ரெண்டு அதிகாரிகளும் பெரிய ஓட்டல்ல அதைக் கத்துக்கிட்டு, கழுத்துல ஒரே நிறத்துல நாடா மாட்டித் திரும்புனாங்க. சன்னலுக்கு நடுவுல இருக்குற சுவத்தை இடிக்கணும்னு தீர்மானமாச்சு. ஆனா சுவர் கட்டடத் துறைக்குச் சொந்தம். அதனால இடிக்காம, சுவத்து மேல ரெண்டு கை குலுக்குற மாதிரிப் படம் வரைஞ்சாங்க. படத்துக்குக் கீழ, ரெண்டு நோயும் சேர்ந்து இருக்குறவங்களுக்குன்னு மூணாவது சன்னல். அங்கே போகணும்னா, குடி இல்லைன்னு முதல் சன்னல் முத்திரையும், புத்தி கலங்கலைன்னு ரெண்டாவது சன்னல் முத்திரையும் வேணும்.

ஆக, மூணாவது சன்னலுக்கு ஒருத்தரும் வரலை. "இரட்டை நோய் நாட்டில் அறவே ஒழிந்தது"ன்னு மேலிடத்துக்கு எழுதிட்டாங்க.

மேலிடம் கேட்டுச்சு: "நோயே இல்லைன்னா சன்னல் எதுக்கு? பெரிய அதிகாரி நேர்ல வர்றாரு. ஒரு ஆளையாவது காட்டுங்க."

அப்பத்தான் ரெண்டு பேருக்கும் டாலாக்காரி நினைப்பு வந்துச்சு. விழுந்தடிச்சுப் படகு ஏறுனாங்க. துறையில நின்னது ஒரே ஒரு சைக்கா.

"குரல் கேக்குற குடிகாரன் ஒருத்தன் இருக்கானாமே, வீடு தெரியுமா?"

"நல்லாத் தெரியும், ஏறுங்க"ன்னான் கணேஷ்குமார். அன்னிக்கு அவன் முகத்தை ரெண்டு பேரும் ஏறெடுத்துப் பாக்காததால அடையாளம் தெரியலை.

ரெண்டு பேரும் முதுகோட முதுகு உக்காந்து, அவன் எந்தத் துறை நோயாளின்னு வழியெல்லாம் சண்டை. வடைக் கடை வாசல்ல வண்டியை நிறுத்திட்டு அவன் சொன்னான்:

"அக்கா, இன்னிக்கு மூணு குரல் கேக்குது. ரெண்டு வண்டியிலயே உக்காந்திருக்கு."

"அம்மா, நீ எப்படியாவது தம்பியை அனுப்பணும்"னு ரெண்டு பேரும் கெஞ்சுனாங்க.

ரத்தினம்மாள் வடையைத் திருப்பிப் போட்டா. "முதல்ல நீங்க ரெண்டு பேரும் தெளிஞ்சுட்டு வாங்க. ஒரே நேரத்துல, ஒண்ணா உக்காந்து, அவன் சொல்றதைக் கேக்குறதுன்னா வர்றோம்."

"ஒண்ணா உக்கார எங்ககிட்ட நாற்காலி இல்லையே!"

"என்கிட்ட பெஞ்சு இருக்கு."

கடை பெஞ்சு படகு ஏறிப் போச்சு. வாரா வாரம் ஒரே பெஞ்சுல மூணு பேரும் உக்காந்தாங்க. ரெண்டு வைத்தியமும் ஒண்ணாச் சேர்ந்து நடந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் குரல் தணிஞ்சுச்சு. பாட்டிலும் தள்ளிப் போச்சு. படகுல போறப்ப அவன் அலையைப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சான்.

பெரிய அதிகாரி ஒருவழியா வந்து சேர்ந்தாரு. தலை வாரி, சுத்தமா லொஞ்சிக் கைலி கட்டி உக்காந்திருந்தவனைப் பாத்ததும் அவருக்குக் கோவம்.

"நோயாளியைக் காட்டச் சொன்னா நல்லா இருக்கிறவனைக் காட்டுறீங்களா? இவனுக்கு மருந்து எதுக்கு? இன்னியோட நிறுத்துங்க!"

ரத்தினம்மாளுக்கு நெஞ்சுல ஆத்துத் தண்ணி ஏறுச்சு. மருந்து நின்னா அந்தக் குரல் திரும்பி வந்துடுமே! வாயைத் திறக்கப் போனா.

அதுக்குள்ள பெரிய அதிகாரி பையில போன் கிணுகிணுத்துச்சு. மேலிடம்! மனுசன் சட்டுனு விறைச்சு நின்னாரு. எதிர்ல யாருமில்லை, ஆனா குனிஞ்சு குனிஞ்சு, "ஆகட்டுங்க... என் தப்புதாங்க... இப்பவே செய்யுறேங்க"ன்னாரு. வேர்த்துக் கொட்டுச்சு. போனை வச்சதும் பாட்டிலைத் தேடுறவன் மாதிரி மேசையெல்லாம் தடவி, "முத்திரை எங்கே? முத்திரையைக் குடு!"ன்னாரு. நாலு தாள்ல பட்டுப் பட்டுனு குத்துன பிறகுதான் மூச்சு சீரா வந்துச்சு.

கணேஷ்குமார் பரிவோட கேட்டான்: "உங்களுக்கும் கேக்குதா சயா? பயப்படாதீங்க. எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு."

சோ லின் தன் போனைப் பாத்தாரு. கின் வே தன் முத்திரையைப் பாத்தாங்க. அட, நீங்க ஏன் இப்ப மடியில இருக்குற போனை மறைக்கிறீங்க?

"மருந்தை நிறுத்துறதுன்னா நிறுத்துங்க சயா"ன்னா ரத்தினம்மாள். "ஆனா வரிசையில அடுத்த ஆளு நீங்கதான்."

சொல்லிட்டு, தம்பியைக் கொஞ்சம் நகரச் சொல்லி, முந்தானையால பெஞ்சைத் துடைச்சு விட்டா.