மாவுக்கட்டுக்குப் பேரம்

பிறநாட்டில் பிழைக்கப் போனவர்களில், பேரம் கற்றுக்கொண்டவர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். லீவில் வந்து இறங்கியதும் உங்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்து, என்ன விலை என்பார். நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் முகத்தில் ஒரு துக்கம் வரும். "ஏமாத்திட்டான்." அவ்வளவுதான். உங்கள் சட்டை அன்றோடு செத்தது.

பிறக்கும்போதே யாரும் இப்படி இல்லை. கண்ணாடி பாட்டில் தொழிற்சாலைக்கு சூப்பர்வைசராகப் போன நம் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். போன புதிதில் அந்த ஊர்ச் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினார். கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்தார், நன்றியும் சொன்னார். வாளியோடு மாடி ஏறும்போது எதிர்வீட்டுக்காரி விலையைக் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய், தன் புருஷனைக் கூட்டிவந்து காட்டினாள். வாளியை அல்ல, இவரை.

மறுநாளே தொழிற்சாலை ஸ்டோர்கீப்பரிடம் பாடம் ஆரம்பமாகிவிட்டது. புதிய மொழி கற்கிறவர்கள் வணக்கம், தண்ணீர், எங்கே, எப்போது என்று சுற்றிக்கொண்டிருப்பார்கள். நம் ஆள் நேராக விஷயத்துக்கு வந்தார். முதலில் எண்கள். பிறகு ரொம்ப அதிகம், கடைசியா என்ன சொல்றீங்க, பக்கத்துக் கடையில கம்மி, அப்ப நான் வர்றேன். மொழி முடிந்தது. அடுத்தது முகம். சாமானுக்குள் எலி செத்துக் கிடப்பதுபோல் ஒரு பார்வை பார்க்க வேண்டும். அதைக் கண்ணாடி முன் நின்று பழகினார். மனைவிக்கும் ஒரு வேஷம் கொடுத்தார். சரியான சமயத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்து முகம் சுளிக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு முகம் சுளிப்பது சிரமமாகவே இல்லை.

அப்புறம் அந்த நடை. கடையை விட்டு வெளியேறுகிற காலுக்கு அவசரம் இருப்பதுபோல் தெரிய வேண்டும், ஆனால் இருக்கக் கூடாது. கூப்பிடுகிறானா என்று முதுகு கேட்டுக்கொண்டே போக வேண்டும். பல பேர் கூப்பிட்டார்கள். சிலர் கூப்பிடவில்லை. அப்படிக் கைநழுவிப் போனதில் மனைவி ஆசைப்பட்ட மஞ்சள் திரைச்சீலை ஒன்று, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குடை. சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தவர், நஷ்டம் அவனுக்குத்தான் என்றார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், கழுவிவிட்ட படியில் மனைவி வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவளைவிட இவருக்குத்தான் நடுக்கம். நியாயத்துக்கு நாம் அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கே போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, விழுந்துவிட்டாள் என்பதற்கு அவரிடம் சொல் இல்லை. வலிக்கிறது என்பதற்கும் இல்லை. பயமாக இருக்கிறது என்பதற்கு இல்லவே இல்லை. சந்தையில் அதெல்லாம் எதற்கு?

எலும்பு டாக்டர் வயதான அம்மாள். எக்ஸ்ரேயில் விரிசலைக் காட்டி, காலண்டரில் விரலை வைத்து இறக்கிக்கொண்டே போய், மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றார். நம் ஆளுக்கு எண் புரிந்தது. எண் புரிந்ததும் வாய் முந்திக்கொண்டது.

"ரொம்ப அதிகம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு," என்றார் நம் ஆள்.

டாக்டர் பொறுமையாக விரிசலை மறுபடி காட்டி, ஆறு என்றார். இவர் பெருந்தன்மையாக நாலுக்கு ஏறினார். நர்ஸ் மாவு குழைப்பதை நிறுத்திவிட்டாள். கடைசியா என்ன சொல்றீங்க என்று கேட்டார் நம் ஆள். கடைசியாகவும் ஆறுதான். பக்கத்து ஆஸ்பத்திரியில் கம்மி என்றும் சொல்லிப் பார்த்தார். பிறகு, அப்ப நான் வர்றேன் என்று எழுந்து, மனைவியின் நல்ல கையைப் பிடித்து, செத்த எலியை முகத்தில் வரவழைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து ஓர் அடி வைத்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் உருவிக்கொண்டாள்.

"நீங்க போங்க. நான் முழு விலை குடுத்துட்டு வர்றேன்."

வெளியே வந்து நின்றார். பழக்கதோஷம், முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கட்டுப் போடக் கையை நேராக்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகியதுதான் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு எதிர்விலை எதுவும் அவரிடம் இல்லை. உள்ளே போனார். நர்ஸிடம் தன் மணிக்கட்டைத் தானே அழுத்திக் காட்டி, பிறகு பூவைத் தொடுவதுபோல் தொட்டுக் காட்டி, இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கையால் கேட்டார். அவள் சொல்லிக்கொடுத்தாள். அதை டாக்டரிடம் திரும்பச் சொன்னார்.

"மெதுவா."

அந்த ஒன்றில் மட்டும் டாக்டர் இறங்கிவந்தார்.

உடனே மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். சமையலும் துணியும் அவர் தலையில் விழுந்து நாலாவது வாரம், இப்பவே பிரிச்சா என்ன என்று மெல்ல ஆரம்பித்தார். மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் ரசத்துக்கு உப்புப் போடப் போய்விட்டார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. நாமெல்லாம் கேட்ட விலையைக் கொடுக்கிற ஜாதி. சரி. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்ன டாக்டரிடம், அரை மணி போதாதா என்று கேட்டது யார்? அலாரத்திடம் இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சியது? போகட்டும், அதை விடுங்கள். இந்தக் கதையின் கடைசி வரிக்கு வந்து சேர்வதற்குள் நடுவில் ஒரு பத்தியைத் தாண்டிக் குதித்தீர்களே, அது எந்தச் சந்தையில் பழகியது?