தேடுபொறியில் மாப்பிள்ளை விசாரித்த கதை

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்றிவிட வேண்டும். பொதுநலன் கருதியே இதைச் சொல்கிறேன்.

நாம் கேட்டவுடன் தேடுபொறி உலகம் முழுக்க ஓடித் தேடிக்கொண்டு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பட்டதாரிகளும் நினைக்கிறார்கள். அது பிழை. நாம் கேட்கும்போது அது ஓரடியும் நகர்வதில்லை. முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் போய்ப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கும். நாம் கேட்டதும் அந்தப் பிரதியைப் புரட்டிப் பதில் சொல்லும். அவ்வளவுதான்.

இதை நான், யுத்தம் நின்றிருந்த சமாதான காலத்தில், எங்கள் ஊர் புளியங்கூடலில் பஸ்ஸுக்கு நின்ற எல்லோருக்கும் விளக்கியிருக்கிறேன். பஸ் வராத நாட்களில் இரண்டு தடவை.

விளக்கிய நானே அதை மறந்துபோன கதைதான் இது.

அன்றைய வேலை சின்னது. பக்கத்து வீட்டு மகேஸ்வரி அக்காவின் மூத்த மகள் தர்சினிக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை சுதாகரன் கனடாவில். தாய் வேலணையில். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. அனுப்பிய படத்தைத் தர்சினி திருப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே அதுவும் பொருந்திவிட்டது. மிச்சம் விசாரிப்பு மட்டும். மாத முடிவுக்குள் மறுமொழி சொல்ல வேண்டும்.

எங்கள் தீவில் விசாரிப்புக்கு ஒரு முறை இருக்கிறது. விசாரிக்கிறவர் விசாரிக்க வந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஆடு ஒன்று விலைக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிப் போக வேண்டும். ஆட்டில் தொடங்கி, வேலிச் சண்டைக்குப் போய், மெல்ல அந்த வீட்டுப் பெடியனுக்கு வர வேண்டும். வந்தவர் ஆடு வாங்க வரவில்லை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஆட்டை அவிழ்த்துக் காட்டுவார்கள்.

இந்த வேலையில் எங்கள் பக்கம் பெயரெடுத்தவர் அந்தோனி அண்ணை. ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர். அங்கிருந்து வேலணைவரை ஒவ்வொரு வீட்டு வேலிப் படலையிலும் நின்று மணி அடிப்பார். மகேஸ்வரி அக்கா வீடு சுத்த சைவம். அந்தப் படலையில் மட்டும் அடிப்பதில்லை.

"அந்தோனியிட்டை ஒரு வார்த்தை சொல்லுவமோ தம்பி?" என்று அக்கா என்னைக் கேட்டா.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கன்னம் வலிக்கிறது.

"பெடியன் இருக்கிறது கனடாவிலை அக்கா. அந்தோனி அண்ணை என்ன, கனடாவிலையும் மீன் விக்கிறாரோ?"

அக்கா மாப்பிள்ளையின் முழுப்பெயரை ஒரு துண்டில் எழுதித் தந்தா. வேலை எனக்குக் கிடைத்தது.

சனிக்கிழமை காலை பஸ் ஏறி, பண்ணைப் பாலத்தடியில் இறங்கி இராணுவச் சோதனை முடித்து மறுபடி ஏறி, யாழ்ப்பாணத்தில் சுகந்தி என்ற பெண் நடத்திய இன்ரநெற் கபேக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அப்போது தேடுபொறிகளுக்குள் கடும் போட்டி. பழையவர் ஒருவர் இருந்தார். அவருடைய முகப்பில் செய்தி, காலநிலை, ராசிபலன், உதைபந்து முடிவு எல்லாம் இருக்கும்; தேடும் பெட்டி எங்கே என்றுதான் தேட வேண்டும். புதியவர் அப்படியல்ல. வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு பெட்டி, வேறொன்றும் இல்லை. சுகந்தியின் கபேயில் இதற்காகக் கட்சி பிரிந்திருந்தார்கள். சுவரோரக் கதிரைகள் பழையவர் பக்கம், யன்னலோரக் கதிரைகள் புதியவர் பக்கம். யன்னல்காரர் சுவர்க்காரரைப் பார்த்து, இன்னும் அம்புலிமாமா வாசிக்கிறவர்களைப் பார்ப்பதுபோல இரங்கிச் சிரிப்பார்கள்.

புதியவர் எதை முதலில் காட்டுவது என்று எப்படித் தீர்மானிக்கிறார் என்பதைச் சுகந்திக்கு விளக்கினேன். எத்தனை பக்கங்கள் அதைக் கைகாட்டுகின்றன என்று பார்ப்பார். இது எங்கள் சம்பந்த முறைதானே என்றேன். பிரதி எடுத்து வைக்கும் விடயத்தையும் விளக்கினேன். அவ கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

விசாரிப்பில் எப்போதும் ஒருவருக்கொருவர் ஆகாத இரண்டு பேரைக் கேட்க வேண்டும் என்பது விதி. உண்மை இருவருக்கும் நடுவில் கிடக்கும். எனவே இரண்டு தேடுபொறியிலும் மாப்பிள்ளையின் பெயரைப் போட்டேன். பழையவர், அப்படி ஒருவரையும் தனக்குத் தெரியாது என்றார். புதியவர் ஒரு பக்கம் காட்டினார். நடுவில் எடுத்தால் அரைப் பக்கம்.

அது கனடாவில் எங்கள் தீவார் நடத்தும் சங்கம் ஒன்றின் இணையத்தளம். கயிறிழுத்தலில் இரண்டாமிடம் வந்த அணியில் சுதாகரன் இருந்தார். நல்ல செய்திதான். ஆனால் கயிறு இழுக்கிறவர் வேறு என்னென்ன செய்வார் என்று அதில் இல்லை.

பக்கத்தின் அடியில் விருந்தினர் புத்தகம் என்று ஒரு பெட்டி இருந்தது.

இந்த இடத்தில் என் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் படிப்பிக்கும் பாடசாலையிலும் ஒரு விருந்தினர் புத்தகம் இருக்கிறது. அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. எழுதியவரைத் தவிர வேறெவரும் அதை வாசித்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆகவே சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுவதாக நினைத்து எழுதினேன். நல்ல ஆங்கிலம், அரைப்புள்ளிகூடப் போட்டேன். தலைப்பில் 'மிகவும் அந்தரங்கமானது'. கீழே, புளியங்கூடல் மகேஸ்வரியின் மூத்த மகளுக்குப் பேசியிருக்கும் சுதாகரன் குடிப்பாரா, வேறு தொடர்புகள் உண்டா, கோபக்காரரா என்ற மூன்று கேள்விகள். அடியில் என் முழுப்பெயரும் பதவியும்.

அடுத்த சனிக்கிழமை மறுமொழி பார்க்கப் போனேன். செயலாளர் ஒருவரிடமிருந்து ஒன்றை எதிர்பார்த்தேன். பதினான்கு வந்திருந்தன. பதினான்கும் என் கேள்விக்குக் கீழே, உலகம் பார்க்க, வரிசையாக நின்றன.

சுதா குடிக்கமாட்டான், நாங்கள் குடித்தால் கார் ஓடுவது அவன்தான் என்று ஒருவர். எட்டாம் வகுப்பில் என்னால் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், தானும் குடிப்பதில்லை, தனக்கும் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று அறியத் தந்திருந்தார். கடைசியாக ஒரு தாயார். இவ்வளவு பேர் நல்லது சொல்லும் இந்தத் தம்பிக்குப் பேச்சு முற்றாகிவிட்டதா, எங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறா என்று கேட்டு, தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தா.

உடனே சுதாகரனின் பெயரைப் போட்டுத் தேடினேன். பழையவருக்கு இன்னும் அப்படி ஒருவரைத் தெரியாது. அன்றைக்கு நான் அவரை மனதார நேசித்தேன். புதியவர் சுறுசுறுப்பானவர். கயிறிழுத்தலைக் கீழே தள்ளிவிட்டு, 'குடிப்பாரா' என்ற என் கேள்வியை முதலாவதாக வைத்திருந்தார்.

தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அழித்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள், கனடாவில் நடுச்சாமமான அந்த நேரத்திலும் நித்திரை கொள்ளாமல் இருந்தார்கள். நிம்மதியாக ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு மறுபடி தேடினேன்.

கேள்வி இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் 'சேமித்த பிரதி' என்று ஒன்று. அதைத் தட்டினால் பதினான்கு மறுமொழிகளும், அரைப்புள்ளியும், என் பதவியும்.

எனக்குப் பின்னால் சுகந்தி நின்றா.

"மாஸ்டர், போன கிழமை ஏதோ பிரதி எண்டு எனக்கு விளங்கப்படுத்தினனீங்கள்."

"ஓம் பிள்ளை."

"உதுதானே அது?"

"உதுதான்."

ஊருக்கு வந்து இறங்கியபோது செய்தி எனக்கு முதலே வந்திருந்தது. சுதாகரன் வேலணையில் தாய்க்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். தாய், சம்பந்தம் பேசியவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறா: விசாரிக்கத்தான் வேணுமெண்டால் வேலணைக்கு வந்து விசாரிக்கலாம், கனடாவைக் கூட்டி வைத்துக் கேட்கத் தேவையில்லை, மகனுக்கு வேறு இடங்களிலிருந்தும் இப்ப கேட்கினம், உந்தப் பேச்சை இத்தோடை விடுவம்.

மகேஸ்வரி அக்கா குசினிக்குள் இருந்தா. வெளியே வரவில்லை. தர்சினிதான் வந்தா. அழவில்லை, சத்தமும் போடவில்லை. கையில் ஒரு எழுதும் கொப்பி. கொப்பிக்குள் மாப்பிள்ளையின் படத்தின் மூலை தெரிந்தது.

"மாஸ்டர், இனித் தேடாதேங்கோ," என்றா.

அடுத்தநாள் விடிய நான் ஒழுங்கையில் நின்று அந்தோனி அண்ணையை மறித்தேன். மீன் வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், அரைப்புள்ளி உட்பட. அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி கேட்டார்.

"உங்கடை மிசின் வேலணைக்குப் போறேல்லையோ மாஸ்டர்?"

"போறேல்லை அண்ணை."

"நான் போறனான்," என்று மிதித்தார்.

மத்தியானம் திரும்பும்போது மகேஸ்வரி அக்காவின் படலையில், வாழ்நாளில் முதன்முறையாக, மணி அடித்தார். அக்கா வந்தா. தர்சினி வந்தா. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். வேலணையில் நடந்ததை அவரே சொன்னார்.

மாப்பிள்ளையின் தாய்க்கு விளைமீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கியிருக்கிறார்.

"பொம்பிளை வீட்டுக்கு ஒண்டும் தெரியாதம்மா எண்டனான். உது மாஸ்டற்றை வேலை. அவர் நல்ல மனிசன், படிச்சுப் படிச்சுக் கொஞ்சம் உப்பிடி ஆகிட்டார் எண்டனான்."

"அதுக்கு அவ?" என்று அக்கா.

"கொஞ்சம் யோசிச்சா. பிறகு, ஓம், போன வருசம் புளியங்கூடலிலை பஸ்ஸுக்கு நிக்கேக்கை எனக்கும் ஏதோ விளங்கப்படுத்தினவர், பாவம் எண்டா. கோவம் அதோடை போட்டுது. பேசினபடியே செய்வமாம்."

வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஒரு பூவரசம் இலையைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

விசாரிப்பையும் அவர் அப்படியே முடித்துக்கொண்டு வந்திருந்தார். பெடியன் குடிப்பதில்லை. கோபம் வந்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போவார். இரண்டு மணித்தியாலத்தில் தானாகத் திரும்பி வந்து அதையே சாப்பிடுவார். இரண்டு தேடுபொறிகளிலும் பதினான்கு மறுமொழிகளிலும் இது இருக்கவில்லை.

அக்கா மகளின் முகத்தைப் பார்த்தா.

"நானும் அப்பிடித்தானே அம்மா," என்றா தர்சினி.

கலியாணம் ஆவணியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் கிளாசில் ஊற்றிச் சோடா கொடுத்தார்கள். எனக்கு மட்டும் மூடி திறக்காத போத்தல் வந்தது; உள்ளே சோடாதானா என்று நானே விசாரித்துக்கொள்ளட்டுமாம்.

மகேஸ்வரி அக்காவின் இரண்டாவது மகளுக்கு இப்போது சம்பந்தம் பேசுகிறார்கள். அந்தோனி அண்ணையின் சைக்கிள் கிழமைக்கு மூன்று நாள் அவவின் படலையில் நிற்கிறது. அந்தச் சைவ வீட்டில் வாங்குகிற மீன் வேலிக்கு மேலால் எங்கள் வீட்டுக்கு வருகிறது.