ஒத்துப்போகாத மண்டைகள்

ஒரே குடும்பத்து மண்டைகள் ஒன்றுபோல இல்லை. இதற்குத் தியாகு உடனே விளக்கம் தந்தாக வேண்டும் என்று ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி கருணாகரன் மேசையைத் தட்டினார்.

மண்டைகள் என்றால் மண்டையோடுகள், நீர்ப்பல்லிகளுடையவை. பார்த்தால் பல்லி, பிறப்பால் தவளைக்குப் பங்காளி, மலாயாவில் மருந்துக்கும் கிடையாது. சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார துவான் அந்த மண்டைப் பெட்டியையும் தன் வெயில் தொப்பியையும் காஜா பெராங்கிலிருந்த ஆபீசிலேயே விட்டுப்போனார். பெட்டி மெர்டேக்கா என்கிற சுதந்திரக் கண்காட்சிக்கு என்று முடிவாயிற்று. தொப்பி கருணாகரனுக்கு என்று அவரே முடிவு செய்தார். தலை கொஞ்சம் சின்னது. உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, அரசாங்கத்துக்குச் செலவில்லாமல் அக்குறையை நிவர்த்தி செய்துகொண்டார்.

தியாகு பள்ளிக்கூடத்தை விட்டு வந்த தற்காலிகம். கண்காட்சி ஒழுங்காக முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அக்கா வீட்டுச் சோறு, அத்தான் மூஞ்சி.

"குஞ்சுல எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மண்டைதான் ஐயா. வளர வளரத்தான் ஒண்ணு அகலமா, ஒண்ணு நீட்டமா போகுது. துவானே சொல்லியிருக்காரு."

"மெதுவாப் பேசுடா! சின்னதுல ஒண்ணா இருந்துட்டு, வளர்ந்ததும் வேற வேறயாப் போகும்னா என்ன அர்த்தம்? சுதந்திரம் வாங்கப்போற நாட்டுல பேசுற பேச்சா இது?"

"பல்லியைத்தானே ஐயா சொல்றேன்?"

"இன்னைக்குப் பல்லிம்பே. நாளைக்கு?"

போன மாதம்வரை வெறுந்தலையோடு சைக்கிளில் வந்து, "என்னா தம்பி, தே தண்ணி குடிச்சியா?" என்று கேட்ட அதே மனிதர். இப்போது அவர் திரும்பினால் தொப்பி திரும்புவதில்லை. வளர்ச்சி என்றால் என்னவென்று தியாகுவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"இந்தா அரம். எல்லா மண்டையையும் ஒரே மாதிரி ராவி வை. அப்படியே உன் மண்டையையும் பாரு. முன்முடியில என்ன அது, குருவிக்கூடு? வெட்டித் தொலை!"

கண்காட்சிக்குக் கூட்டம் அள்ளியது. புதுச் சொங்கோக் தொப்பி, புதுக் கொண்டை, புது எண்ணெய்த் தலை. ஒவ்வொருவரும் கண்ணாடிப் பெட்டிமுன் நின்று உற்றுப் பார்த்தார்கள், தலையைச் சரிசெய்துகொண்டார்கள், "பிரமாதம்" என்றார்கள். கருணாகரனும் குனிந்தார், தொப்பியை நிமிர்த்தினார்.

"பாத்தியா? இப்பத்தான் எல்லாம் ஒண்ணா இருக்கு. நீ நிரந்தரம்டா!"

தியாகு ஒன்றைக்கூட ராவியிருக்கவில்லை. உண்மைக்காகப் போராடினான் என்று யாரும் மாலை போட்டுவிட வேண்டாம். அரம் கைக்கு வந்த சாயங்காலம் முழுக்க, அதைக் கீழே வைத்துவிட்டு, அதே பெட்டிக் கண்ணாடியில் குருவிக்கூட்டைச் சீவிக்கொண்டிருந்தான்.