ரலிட்சாவின் முப்பத்தெட்டு மதிப்பெண் தொடர்பாக

ரூஸே,
ஜூலை 9

பெருமதிப்பிற்குரிய வெலிச்கா அக்கா அவர்களுக்குத் தம்பி காமென் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி ஸ்னெஜானா, மகள் ரலிட்சா மூவரும் நலம். தங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன என்று கேட்பதுதான் முறை. கேட்டுவிட்டேன். இனி இந்தக் கடிதத்தில் மரியாதை இருக்காது.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. ஏழாம் வகுப்பு அரசுத் தேர்வில் ரலிட்சா கணக்கில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கியதால் ஆங்கில உயர்நிலைப் பள்ளியின் கதவு அவளுக்கு மூடிவிட்டது என்றும், இனி அவளும் என்னைப் போல ஊரார் வீட்டு வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு பிழைக்க வேண்டியதுதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போன ஜனவரியில் உங்கள் மெஷினில் தண்ணீர் இறங்காமல் நின்றபோது சோபியாவுக்கு ரயிலேறி வந்து, அதன் குழாயிலிருந்து அத்தானின் பல்செட்டை வெளியே எடுத்தது இந்தத் தலைதான். அதை அப்போது நீங்கள் முத்தமிட்டீர்கள்.

எல்லாம் போன செப்டம்பரில் ஆரம்பித்தது. பள்ளி திறந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. நீங்கள் போன் செய்து, இந்த ஒரு வருடம்தான் பிள்ளையின் தலையெழுத்து, பதின்மூன்று வயதில் விட்டதை முப்பதில் பிடிக்க முடியாது என்றீர்கள். உங்களோடு ஒரே பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்த பனயோதொவ் சார் இங்கே தனிவகுப்பு நடத்துகிறார் என்று நீங்களே பேசி முடித்தீர்கள். நாலாவது மாடி, லிப்ட் கிடையாது, சமையலறை மேசையைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள், பக்கத்து அடுப்பில் மொச்சை கொதிக்கிறது, மேசை நடுவில் ஒரு நிறுத்துக் கடிகாரம். கேள்வி ஒன்றுக்கு ஒரு நிமிடம். முதல் நாளே கேட்ட கணக்கு இது: ஒருவன் ஒரு சுவருக்கு ஆறு மணி நேரத்தில் வண்ணம் அடிப்பான், இன்னொருவன் மூன்று மணி நேரத்தில் அடிப்பான், இருவரும் சேர்ந்து அடித்தால் எவ்வளவு நேரம் ஆகும்? ரலிட்சா யோசித்துவிட்டு, அந்த ரெண்டு பேருக்கும் முன்னமே பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். பழக்கம் இருந்தால் பேசிக்கொண்டே அடிப்பார்கள், நேரம் கூடும் என்பது அவள் கட்சி. பனயோதொவ் சார் என்னைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார். நான் உள்ளதைச் சொன்னேன்: என் பட்டறையில் நானும் கூட வேலை செய்யும் கோஸ்தாவும் சேர்ந்து ஒரே மெஷினில் கைவைத்தால் அரை மணி வேலை சாப்பாட்டு நேரம் வரை போகும், பிள்ளை கேட்டதில் தப்பில்லை. "அப்போ பேப்பர் திருத்துறவங்களுக்கு உங்க பட்டறை நம்பரைக் குடுத்துடுங்க" என்று போனை வைத்தார் அந்த மனிதர்.

அதன்பின் நீங்கள் ஞாயிறு தவறாமல் போன் செய்தீர்கள். எத்தனை பக்கம் முடித்தாள், மாதிரித் தேர்வில் எத்தனை, உங்கள் பேரன் இதே வயதில் எத்தனை. நானும் தகப்பன் என்ற முறையில் அவ்வப்போது விசாரித்ததுண்டு, அதை மறைக்கவில்லை. டிசம்பரில் பிள்ளை சாப்பிடுவதைக் குறைத்தாள். ஜனவரியில் படிக்கும்போது புருவ முடியைப் பிடுங்க ஆரம்பித்தாள். இடது புருவத்தில் பாதியைக் காணோம். ஸ்னெஜானா பென்சிலால் வரைந்து பள்ளிக்கு அனுப்பினாள். உங்களிடம் சொன்னபோது, அது வயசுக் கோளாறு, வால்நட் கொடு என்றீர்கள். கொடுத்தோம். வால்நட் தின்றுகொண்டே பிடுங்கினாள்.

மார்ச்சில் பனயோதொவ் சார் மறுபடி போன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல் தேவலையா என்று விசாரித்தார். எந்தக் காய்ச்சல் என்று கேட்டேன். மூன்று வாரமாக ரலிட்சா வகுப்புக்கே போகவில்லை! நாலு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள், ஏழு மணிக்குத் திரும்புவாள், நடுவில் எங்கே? வண்டியை எடுத்துக்கொண்டு ஊரையே சல்லடை போட்டேன். டான்யூப் துறைமுகத்துப் பயணிகள் கூடத்தில், குளிர்காலத்தில் ஒரு படகும் வராத இடத்தில், தனியாக உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் திட்டுவதற்கு வாக்கியம் வாக்கியமாகத் தயாரித்து வைத்திருந்தேன். இங்கே என்ன பண்ணிக்கிட்டிருக்கே என்பதுதான் வாயில் வந்தது.

"ஒண்ணும் பண்ணலப்பா. இங்க உக்காந்தா எவ்வளவு நேரமாச்சுன்னு யாரும் கேக்கறதில்ல."

தயாரித்ததெல்லாம் மறந்துபோய் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் விறைக்கும் வரை இருவரும் ஆற்றைப் பார்த்தோம். மறுநாளே தனிவகுப்பை நிறுத்தினேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? நீ பிள்ளையை வளக்கல, பராக்கு பாத்துக்கிட்டிருக்கே என்றீர்கள்.

அக்கா, இவள் பதினாறு மாதம் வரை நடக்கவில்லை. நீங்கள் மூன்று டாக்டர்களின் முகவரி அனுப்பினீர்கள். ஒருநாள் சமையலறையில் எழுந்து நின்றாள், பால்கனி வரைக்கும் ஒரே மூச்சில் நடந்தாள், ஒரு தடவைகூட விழவில்லை. எட்டு வயது வரை எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். அதற்கும் முகவரி அனுப்பினீர்கள். அந்தக் கோடையில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் படித்தாள், என் மெஷின் கையேடுகள் உட்பட. இது ஏன் உங்கள் கண்ணில் படுவதே இல்லை?

ஈஸ்டருக்கு நீங்கள் வந்த கூத்தைச் சொல்கிறேன். வழக்கம்போல அவித்துச் சாயமிட்ட சிவப்பு முட்டைகளை, யாருடையது உடையாமல் நிற்கிறது என்று மோதி விளையாடிக்கொண்டிருந்தோம். விருந்து மேசையில், எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, இருபத்துநாலு முட்டையில் அஞ்சு உடைஞ்சிருக்கு, எத்தனை சதவீதம் என்று பிள்ளையைப் பிடித்துக்கொண்டீர்கள். கையில் கடிகாரம் வேறு. ரலிட்சா முட்டைகளைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், ஆறாவது முட்டையை எடுத்துத் தன் நெற்றியிலேயே ஒரு போடு போட்டாள். "இப்ப இருபத்தஞ்சு சதவீதம் அத்தை." நான் ஆட்டுக்கறி புரையேறும்வரை சிரித்தேன். நீங்கள் திமிர் என்றீர்கள். முப்பது வருடம் கணக்கு நடத்திய உங்களுக்கு அது விடை என்று தெரியவில்லையே!

தேர்வு நாளன்று சகுனத்துக்காக வாசலில் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் நீங்கள்தான். ஒரு செம்பு போதும். ஸ்னெஜானா பதற்றத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்தாள். ரலிட்சா தாண்டிப் போய்விட்டாள். பின்னால் போன நான் மாடிப்படியில் ஒன்பது படி உட்கார்ந்தபடியே இறங்கினேன். அவள்தான் என்னைத் தூக்கி நிறுத்தி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக டாக்ஸிக்குச் சொல்லி, கணுக்காலில் ஐஸ் கட்டி, பிறகு தனியாக பஸ் பிடித்துத் தேர்வுக்குப் போனாள். வெளியே வந்ததும் கடைசியாகத்தான். கடைசிக் கேள்வி பிடித்திருந்ததாம், அதிலேயே தங்கிவிட்டாளாம். திருத்திய தாளில் பார்த்தோம், தேர்விலேயே கடினமான அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். அதற்கு முன்னால் பன்னிரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. இப்போது இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கும் சாதாரணப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். புருவம் வளர்ந்துவிட்டது. நாங்கள் அவளை நம்பி விட்டுவிட்டோம்.

ஆகவே இனிமேல் பயிற்சிப் புத்தகம் அனுப்பாதீர்கள். போன வாரப் பார்சலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மழை, வெயில், முழங்கால் இவற்றைப் பற்றி மட்டும் பேசுங்கள். பிள்ளையின் உயிரை வாங்கியது போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரனுக்கு எங்கள் ஆசி. அவனும் அவன் தொண்ணூற்றாறு மதிப்பெண்ணும் நீடூழி வாழ்க. ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் பொறுமையும் தரட்டும்.

இப்படிக்கு,
கோபம் குறையாத தம்பி,
காமென்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டச் சொல்லி ரலிட்சாவிடம் இதைக் கொடுத்தேன். அவள் சாவகாசமாக முழுவதையும் படித்து, மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, "அத்தை வாரத்துக்கு ஒரு தடவதாம்ப்பா கேட்டாங்க. மத்த ஆறு நாளும் எத்தன பக்கம் முடிச்சேன்னு கேட்டது நீங்க" என்றாள். ஸ்னெஜானாவைப் பார்த்தேன். அவள் மிளகாய் நறுக்குவதில் ரொம்பவும் கவனமாக இருந்தாள். ஆகையால் அக்கா, மேலே நான் உங்களைத் திட்டியிருப்பதில் ஏழில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி என் பங்கு. இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ரலிட்சாவைக் கேட்டேன்.

"நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு இருந்தேம்ப்பா. உங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும்னு தெரியும்."