தொதலுக்குப் போகும் வயர்

சீனி வியாதிக்காரர் தொதல் இனிப்பை மறக்கவேணும் என்று டொக்டர் சொன்னார். சோமசேகரம் மாஸ்டர் டொக்டரை மறந்தார். மறக்காத ஆள் மனைவி இரத்தினேஸ்வரி. அவவின் கண்ணுக்குத் தப்பி, தெருமுனையில் தொதல் விற்கிற அலியாரின் கடைக்குப் போய்வருவது பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் போகிற மாதிரி.

திருகோணமலை டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிற மூளை சும்மா கிடக்குமா? கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் குசினி அலுமாரிக்கு மேலே ஏற்றினார். வெக்கை அளக்கிற சென்சர் ஒன்றை அதில் கொழுவி, அடுப்புப் பக்கமாகத் தொங்கவிட்டார். அங்கேயிருந்து விறாந்தைக் கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். பத்து செக்கனுக்கு ஒருக்கால் குசினி வெக்கையை அது இதுக்குச் சொல்லும். எல்லாம் பைதனில் அவரே எழுதின புரோகிராம்.

"இது என்னத்துக்கு?" என்றா இரத்தினேஸ்வரி.

"வீடு நெருப்புப் பிடிச்சா முன்னுக்கே தெரியும்."

"பைதன் எண்டா மலைப்பாம்பெல்லே?"

"கடிக்காதப்பா."

"ஓம், விழுங்கும்."

உண்மை வேறு. வெக்கை நாற்பதைத் தாண்டினால் அடுப்பு மூட்டியாச்சு, மனுசி அரை மணித்தியாலம் அசையமாட்டா. உடனே விறாந்தைத் திரையில் பெரிய எழுத்தில் 'கோ நவ்' என்று வரும். மாஸ்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார். இரண்டு கிழமை ராசவாழ்க்கை.

மூன்றாம் கிழமை ஒரு காலை, நேவிக்காரர் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். இரண்டாயிரத்தேழாம் ஆண்டு, யுத்தமும் குண்டுவெடிப்புமாய் இருந்த நேரம். ஒரு முழ வயருக்கே விளக்கம் சொல்லவேண்டிய காலம், இங்கே முப்பது முழம். அதிகாரி வயரைத் தொட்டுத் தொட்டு விறாந்தைக்கு வந்து நிற்க, குசினியில் சோறு கொதித்தது. திரை 'கோ நவ்' என்று மினுங்கியது.

அதிகாரி சிங்களத்தில் என்னவோ கேட்டார். மாஸ்டருக்குத் தெரிந்த சிங்களம் ஐயாவுக்குச் சொல்கிற "மாத்தயா" மட்டும்தான். இரத்தினேஸ்வரி ஆஸ்பத்திரியில் வேலை செய்தவ. சிங்களம் அவவுக்குத் தண்ணி பட்ட பாடு.

"ஆர் போறது, எங்க போறது எண்டு கேக்கிறார்."

"நெருப்புக்கு எண்டு சொல்லும்."

சொன்னா. அதிகாரி குசினியை எட்டிப் பார்த்தார்.

"நெருப்பு எங்க பிடிச்சிருக்கு எண்டு கேக்கிறார். ஜீப்பும் வாசலிலதான் நிக்குது."

ஜீப்பில் ஏற்றப்பட்டுத் திரும்பி வராதவர்களின் கதை மாஸ்டருக்குத் தெரியும்.

"நான்தான் போறனான்," என்றார்.

"எங்க?"

"அலியாற்ற கடைக்கு."

"என்னத்துக்கு?"

"தொதல்."

"எத்தினை துண்டு?"

"இதையும் அவரோ கேட்டவர்?"

"ஓம்."

"மூண்டு."

இரத்தினேஸ்வரி ஒன்றும் விடாமல் சிங்களத்தில் சொன்னா. நேவிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி படியிறங்கும்போது அவவோடு சிங்களத்தில் ஏதோ கதைத்துவிட்டுப் போனார்.

"என்னவாம்?"

"இந்தமுறை விடுறாராம். இனி அலியாற்ற கடைப்பக்கம் உங்களைக் கண்டா வயர் கேஸ்தானாம்."

மூன்று மாதம் மாஸ்டர் அந்த முனையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சீனி இறங்கியது. டொக்டர் மெச்சினார். ஒருநாள் மார்க்கெட்டில் அலியார் அவரின் கையைப் பிடித்தார்.

"என்ன மாஸ்டர், கடப்பக்கம் காணல்ல?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, அதிகாரி போட்ட தடையைச் சொன்னார்.

"தடையா? அந்தாள் அண்டைக்கே நேரா என்ட கடைக்கித்தான் வந்தாரு. மாஸ்டர்ட மனுசிக்கிட்ட வழி கேட்டு வந்தாராம். இருந்த தொதல் முழுக்க அள்ளிட்டுப் போய்ட்டாரு."